டக் பிடித்து வந்த உள்பாடி

கும்மிடிப்பூண்டி,
22-8-76, ஞாயிறு

அன்பு மகள் சம்பூர்ணத்துக்கு உன் அம்மா செங்கம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், உன் தம்பி ரங்கசாமியும், அவன் பெண்சாதி அலமேலுவும், அவர்கள் பிள்ளைகளும், நீ படிப்புக்காக என்னிடம் விட்டுவிட்டுப் போன உன் மூத்த பெண் கனகவல்லியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவள் மலர்விழியும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று திருவள்ளூர் வீரராகவரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். சுகம் விசாரித்துவிட்டாளே, கிழவிக்குக் கோபமில்லை போலிருக்கிறது என்று காலை நீட்டி உட்கார்ந்து படிக்காதே. கோபம் பின்னால் வருகிறது. முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆத்திரத்தில் அது விட்டுப்போகும். ரங்கசாமி மகன் கோபால் கணக்கில் நூற்றுக்கு நூறு, வாத்தியார் அவனை நாற்காலிமேல் ஏற்றி நிற்க வைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம். உன் அக்கா மகன் முனுசாமி ஐ.டி.ஐ. முடித்து எஸ்டேட்டில் இரும்புக் கம்பெனி ஒன்றில் பிட்டர் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், காக்கிச் சட்டையும் தூக்குப் பாத்திரமுமாய் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டில் நிற்கிறான், போகிற வழியில் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு. ரங்கசாமியின் குட்டிப்பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே சுவர் முழுக்க அ ஆ எழுதிவிட்டாள், சுண்ணாம்பு அடிக்கும் செலவு ரங்கசாமிக்கு. இவர்களுக்கெல்லாம் மேலே நம் கனகா. தை மாதம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நூறு கெஜ ஓட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் பெண்களையெல்லாம் பின்னால் விட்டு முதலில் வந்தவள் உன் மகள். தாவணியை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு அவள் ஓடி வந்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள் இது யார் வீட்டுப் பெண் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண் என்று நான் சொன்ன சத்தம் ரயில் ஸ்டேஷனுக்குக் கேட்டிருக்கும். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள் நான், பெருமைப்பட எனக்கு இந்தப் பிள்ளைகளை விட்டால் என்ன இருக்கிறது. சரி, பெருமை சொல்லியாகிவிட்டது. இனிமேல் உனக்கு.

சித்திரை மாதம் நீ ஒரு பார்சல் அனுப்பினாயே, வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து அரக்கு வைத்து, அதைப் பிரித்த அன்றைக்கே நான் பேசியிருக்க வேண்டும். கனகா வயசுக்கு வந்த சடங்குக்கு உன்னால் வர முடியவில்லை, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணுக்கு முதன்முதலாக உள்ளே போட பாடி நானே வாங்கி அனுப்புகிறேன் என்று எழுதினாய், தாய் வாங்கித் தருவதுதானே நியாயம் என்று நானும் அலமேலுவும் சும்மா இருந்துவிட்டோம். பார்சலைப் பிரித்தால் உள்ளே மூன்று பாடி, மூன்றும் உன் அளவு. கூடவே நீ எழுதிய சீட்டு. வளர்கிற பெண், அதனால் பெரியதாகவே வாங்கியிருக்கிறேன், பாவாடைக்கு டக் பிடிக்கிற மாதிரி பக்கத்துக்கு இரண்டு டக்கும் தோள்பட்டையில் ஒரு டக்கும் பிடித்துத் தைத்திருக்கிறேன், வளர வளர ஒவ்வொன்றாய்ப் பிரித்துவிடுங்கள், கல்யாணம் வரைக்கும் கவலையில்லை என்று. அடியே சம்பூர்ணம், பாவாடை இடுப்பிலிருந்து தொங்குகிற துணி, அதில் டக் இருந்தால் முழங்காலுக்குக் கீழே சும்மா ஆடிக்கொண்டிருக்கும், யாருக்கும் நோகாது. இது தோலோடு தோலாய் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க உடம்பில் கிடக்கிற துணி. நாலு மடிப்பாய் நீ அடித்த டக், கயிறு மாதிரி தடித்துப்போய் அக்குளுக்குக் கீழே போய் உட்காரும் என்று உனக்குத் தோன்றவில்லையா? நீயும் ஒரு பெண்தானே? பின்னால் இறுக்கம், முன்னால் தொளதொளப்பு, பக்கத்தில் கயிறு, இதுதான் நீ பெற்ற பெண்ணுக்கு நீ கொடுத்த முதல் பாடி.

அதைவிட எனக்கு ஆத்திரம், அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அம்மா அனுப்பியது என்று போட்டுக்கொண்டாள். அக்கினி நட்சத்திர வெயிலில் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்ததும் பார்த்தேன், நடை மாறிவிட்டது. தோள் இரண்டும் முன்னால் வளைந்து, புத்தகக் கட்டை மார்போடு கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு போகிறாள். டிரில் வகுப்பு இருக்கிற நாளெல்லாம் வயிற்று வலி. பக்கத்து வீட்டு ஞானம்மா கூட என்னிடம், "இன்னா ஆயா, உங்க ஊட்டு பொண்ணுக்கு வெக்கம் வந்துடிச்சி, தலையே நிமிர மாட்டேங்குது, நல்லதுதான் போ" என்று சிரித்தாள். நானும் அதை வெட்கம் என்றே நினைத்தேன். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும்போது என் கை அவள் அக்குள் பக்கம் பட்டது, வீலென்று கத்திவிட்டாள். பார்த்தால் இரண்டு பக்கமும் வண்டி மாட்டுக்கு நுகத்தடி அழுத்தின மாதிரி கன்றிச் சிவந்து, தோல் உரிந்து, தோள்பட்டையிலும் பள்ளம். எத்தனை நாளாடி இப்படி என்று கேட்டேன். "பரவால்ல ஆயா, பழகிக்கும்" என்கிறாள். எது பழகும்? புண் பழகுமா? வெட்கமும் இல்லை வயிற்று வலியும் இல்லை சம்பூர்ணம், கையை வீசினால் புண்ணில் உரசுகிறது, அதனால் ஓடவில்லை. நிமிர்ந்தால் இழுக்கிறது, அதனால் குனிந்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கத்திரிக்கோலை எடுத்து ஒரு பாடியின் டக் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன், பிரித்தால் பானை இல்லாத உறி மாதிரி தொங்குகிறது. பிரித்தாலும் ஆகாது, பிடித்தாலும் ஆகாது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அந்தப் பாடியைத் துவைத்துவிட்டு எங்கே காயப்போடுகிறாள் தெரியுமா, உள் அறையில் கொடியில் போட்டு அதன்மேல் உள்பாவாடையை மூடி. அலமேலு சொல்லிக்கொடுத்த வழக்கம், வீட்டில் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. வெயிலும் படாது காற்றும் படாது, காலையில் ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொண்டு போவாள், உரிந்த தோலில் ஈரம் வேறு. நான் அன்றைக்கே பின்கட்டில் வேப்பமரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் ஒரு கயிறு கட்டி, வெட்டவெளியில் வெயிலில் போட்டேன். ரங்கசாமி ஷிப்டு முடிந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வர்றவன் போறவன் எல்லாம் பாப்பானே, உள்ள போட சொல்லு" என்றான். "உன் பனியன் பொத்தலும் கிழிசலுமா ஊரு பாக்க தொங்குது, அதை எவனாவது பாத்து மயக்கம் போட்டானா? இதுவும் துணிதான்டா. கண்ணு கூசுதுன்னா நீ அந்தாண்ட போய் குந்து" என்றேன். பாவம், அவன் கைகால் கழுவப் போய்விட்டான். அலமேலு மட்டும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள், மறுநாள் பார்த்தால் அவளுடையதும் அதே கயிற்றில் வெயிலில் கிடக்கிறது.

புண்ணுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டு, ஒரு வாரம் அவளை லூசான சட்டையோடு வைத்திருந்தேன். புண் ஆறியதும் பாசஞ்சர் ரயிலில் ஏறி கொருக்குப்பேட்டையில் இறங்கி, நானும் அலமேலுவும் கனகாவும் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைத் தெருவுக்குப் போனோம். ஆடி மாதக் கும்பல். ஒரு கடையில் போய் கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கு ஆயா, இந்தப் பொண்ணுக்கா? வயசு இன்னா?" என்றார். சொன்னேன். "அப்ப இருபத்தெட்டு" என்று ஒரு பெட்டியை எடுத்துப் பார்க்கக்கூட விடாமல் பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். "இன்னாயா நீ, ஜாதகம் பாக்குற மாதிரி வயச கேட்டு அளவு சொல்ற? இத வயசுக்கா போடறது, ஒடம்புக்குதானே போடறது?" என்றேன். "அளவு ரவிக்கை கொண்டாந்தியா? அதுவும் இல்ல. எல்லாரும் இப்பிடித்தான் வாங்கிகினு போறாங்க, ஒருத்தராவது திருப்பிகினு வந்துகீறாங்களா?" என்று அவர் கேட்டார். "திருப்பிகினு வந்தா நீ வாங்கிக்குவியா? அதான் வரல. எல்லாம் அவங்கவங்க ஊட்டு பொட்டில கெடக்குது" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கனகா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள், முகம் சிவந்துவிட்டது. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை, "ஆயா, மெதுவா பேசு, யாவாரத்தில பேஜாரு பண்ணாதே" என்றார். எனக்கு அதுவரைக்கும் இருந்த பொறுமையும் போய்விட்டது. "செருப்புக் கடையில கால வுட்டு பாத்து ரெண்டு நடை நடந்து பாத்து எடுத்துக்கோன்னு சொல்றான். கால்ல போடறதுக்கு கீற மரியாத நெஞ்சில போடறதுக்கு இல்லியா? நான் இன்னா கள்ளச்சாராயமா வாங்க வந்தேன், மெதுவா பேசறதுக்கு?" என்றேன். அப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் பெண்சாதி எழுந்து வந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் துணி மூட்டை அடுக்குகிற அறை ஒன்று இருந்தது, அதைத் திறந்துவிட்டு, டேப்பை அலமேலு கையில் கொடுத்து, மார்புக்குக் கீழே சுற்றி ஒரு அளவு, மேலே சுற்றி ஒரு அளவு, இரண்டும் பார்த்து எடுங்கள், பெட்டியில் இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது என்றாள்.

அலமேலுவும் கனகாவும் உள்ளே போனார்கள், நான் கதவுத் திரைக்கு வெளியே காவல். முதலில் ஒன்று, ஓரமெல்லாம் லேசு வைத்தது, பார்க்க நன்றாக இருந்தது, உள்ளே போனதும் அரிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது ஒன்றை எடுத்ததும் கனகா குரல் கேட்டது, "இன்னா அத்தை இது, உள்ள அட்டை வெச்சி தச்சிகீறான், பாட புஸ்தகம் மாதிரி கீது". பல நாளுக்குப் பிறகு அவள் கேலி பேசியது எனக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. மூன்றாவது ஒரு சாதாரணப் பருத்தி, லேசும் இல்லை பூவும் இல்லை, பட்டை அகலமாய், தையல் உள்பக்கம் தட்டையாய். நான் வெளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன், கையை மேலே தூக்கு, துணி கூட ஏறி வந்தால் வேண்டாம். மூச்சை நிறைய இழு, நெஞ்சைப் பிடித்தால் வேண்டாம். கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் போகணும், நாலு விரல் போகக் கூடாது. குனிந்து நிமிர்ந்து பார், பட்டை தோளிலிருந்து வழுக்கினால் வேண்டாம். எல்லாவற்றுக்கும் சரி ஆயா, சரி ஆயா என்று பதில் வந்தது. அப்புறம் பதிலைக் காணோம். திடுதிடுவென்று தரை அதிர்கிற சத்தம். என்னவோ ஏதோ என்று, "இன்னாடி அங்க?" என்றேன். அலமேலு சிரிப்பை அடக்க முடியாமல், "ஒண்ணும் இல்ல அத்தை, மூட்டைங்க நடுவுல நின்ன எடத்துலியே ஓடி பாக்குறா" என்றாள். சம்பூர்ணம், நீ அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். கடைக்காரர் கூட என்ன என்று கேட்கவில்லை. தாவணியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, இதுதான் ஆயா என்றாள். நீ பார்த்ததும் இல்லை, நான் பார்த்ததும் இல்லை, அவளே பார்த்து எடுத்தது. அதே மாதிரி இன்னும் இரண்டு சேர்த்து வாங்கினோம். மறுவாரமே டிரில் டீச்சர் ஆரோக்கியமேரி, சதுர்த்தி கழிந்து திருவள்ளூரில் எல்லாப் பள்ளிக்கூடமும் சேர்ந்து நடத்துகிற ஓட்டப் போட்டிக்கு இவள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

இந்தச் சந்தோஷத்தில் அவள் உனக்கு உண்மையை எழுதினாள். அம்மா, நீ அனுப்பியது சேரவில்லை, ஆயா வேறே வாங்கித் தந்தது, திரும்பவும் ஓடுகிறேன் என்று. அதற்கு நீ எழுதினாயே பதில், இந்த வாரம் வந்ததே, ஒரே கவரில் அவளுக்கு ஒரு தாள் எனக்கு ஒரு தாள். அவள் தாளில் என்ன எழுதியிருந்தாய்? நான் பார்த்துப் பார்த்துத் தைத்தது உனக்கு ஆகவில்லை, கடையில் பத்துப் பேர் முன்னால் நின்று வாங்கியதுதான் ஒட்டுகிறதா, வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு, ஆயா செல்லம் கொடுத்து உன்னைக் கெடுக்கிறாள். இப்படித்தானே? என்னைச் சொன்னதைப் பற்றி எனக்கு ஒரு மயிரளவும் கவலை இல்லை. அந்தப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் நிலைப்படியில் நின்றபடியே அதைப் படித்தாள். அழவில்லை. மடித்து வைத்தாள். மறுநாள் பார்த்தால் புதுசு எல்லாம் தகரப்பெட்டிக்குள் போய்விட்டது, உன் டக் பாடி திரும்ப ஏறிவிட்டது, தோளும் திரும்ப வளைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "பாட்டி, கால் வலி, பேரை எடுத்துடுங்கன்னு சொல்றா. எனக்கு எடுக்க மனசு வரல. திங்கக்கிழமை சாயந்திரம் பேரு அனுப்பணும், அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கவலையோடு சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். ஏண்டி, ஆறின புண்ணை மறுபடியும் வரவழைத்துக்கொள்கிறாயா? அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா கையால தச்சது ஆயா. தூரத்துல கீது. நான் வேணாம்னா அதுக்கு மனசு கஷ்டமா இருக்கும்" என்றாள். நன்றாகப் படி இதை. இரண்டு தரம் படி. உன்னைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்ட பெண், உன் மனசு நோகக் கூடாது என்று தன் தோலைக் கொடுக்கிறாள். நீ அவள் மனசுக்கு என்ன கொடுத்தாய்? உன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாயே ஒரு போட்டோ, இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பாவாடை சட்டையில் பல் விழுந்து நிற்கிற பெண், அவளுக்கு நீ தைத்து அனுப்புகிறாய், அவளுக்குத்தான் கடிதமும் எழுதுகிறாய். இங்கே இருப்பவள் அவள் இல்லை. நீ பதில் எழுதி அது வந்து சேர்வதற்குள் நாளைய திங்கட்கிழமை போய்விடும், ஓட்டமும் போய்விடும். அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை. காலையில் நாஷ்டாவுக்கு மாவு ஊற்றிவிட்டு, நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன், பிறகு நீ எனக்கு எழுதிய தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். அதற்குப் பதில் எழுத வேண்டுமே. அதில் கடைசியில் நீ எழுதியிருந்தாயே, மலரும் வளர்ந்துவிட்டாள், அவளுக்கும் இப்போதே மூன்று வாங்கி டக் பிடித்துத் தைத்து வைத்துவிட்டேன் என்று, அந்த இடம் வந்தது. கனகா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள், சீப்பு நின்றுவிட்டது. "மலருக்குமா?" என்றாள். உன் அம்மா எழுதியிருக்கிறாள் பார் என்று தாளைக் கொடுத்தேன். படித்தாள். அவளுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, சத்தம் போடவில்லை, மூக்கு மாத்திரம் விடைத்தது. "அவ சொல்ல மாட்டா ஆயா. அவளும் என்ன மாதிரிதான். வலிக்குதுன்னு சொல்ல மாட்டா, குனிஞ்சிக்குவா. அம்மா அதை வெக்கம்னு நெனச்சிக்கும்" என்றாள். அப்புறம், "எழுது ஆயா, மலருக்கு வேணாம்னு எழுது. என்ன திட்டினா திட்டட்டும், அவளுக்கு வேணாம்னு எழுது" என்றாள். தனக்காக என்றால் பொறுத்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது, தங்கை என்றதும் பொறுக்கவில்லை. உள்ளே போனாள், தகரப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது அவள் எடுத்த பருத்திதான் போட்டிருந்தாள் என்று எனக்குக் கேட்காமலே தெரிந்தது. தோசையை நின்றபடியே பிய்த்துப் போட்டுக்கொண்டு, டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று மணி அடிப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். புத்தகக் கட்டை மார்போடு அணைக்கவில்லை சம்பூர்ணம், இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். லெவல் கிராசிங் திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்று பார்த்தேன். அடுப்பில் தோசை கருகிப்போனது, அலமேலு திட்டினாள், திட்டட்டும்.

உன் பாடி மூன்றையும் என்ன செய்தாள் என்று கேட்கிறாயா? எறியவில்லை. போவதற்கு முன்னால் என் மடியில் போட்டு, டக் எல்லாம் பிரித்து வெயிலில் காயவைத்து அம்மாவுக்கே அனுப்பு ஆயா, அது அம்மா அளவுதானே என்றாள். நீ உனக்கு வாங்கிக்கொள்ளாமல் அவளுக்கு வாங்கினாய், அது எனக்குத் தெரியும். உன்னுடைய பழையது ஊக்கில் நிற்கும், அதுவும் தெரியும், அம்மா இல்லையா நான். ஊக்கு குத்துகிற வலியைப் பொறுத்துக்கொண்டு பழகினவள் நீ, அதனால் வலி என்பது பெண்ணுக்குப் பழகிவிடும் என்று நினைத்துவிட்டாய், அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கோபம். அதனால் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு இதோடு பார்சலில் அனுப்புகிறேன், நீயே போட்டுக்கொள். மலரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, அங்கே உள்ளூர் பாஷை தெரியாதென்றால் தெரிந்த பொம்பளை ஒருத்தியைச் சேர்த்துக்கொள். கீழே ஒரு அளவு மேலே ஒரு அளவு எடு. வளருவாள் என்று பெரியதாய் வாங்காதே, வளர்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அவளே போட்டுப் பார்க்கட்டும், கையைத் தூக்கட்டும், குனியட்டும், ஓடிப் பார்க்கட்டும், சரி என்று அவள் வாயால் சொல்லட்டும். வெயிலில் காயப்போடு. அவளுக்கென்று தைத்து வைத்த மூன்றிலும் இன்றைக்கே டக்கைப் பிரித்துவிடு, இதைப் படித்து முடித்த கையோடு. கனகாவுக்குத் தனியாக ஒரு தாள் எழுது. மன்னிப்பெல்லாம் வேண்டாம், தாய் மகளிடம் அதைக் கேட்க வேண்டாம். ஓடு என்று மட்டும் எழுது. ஓட்டம் முடிந்த பிறகு வந்தாலும் பரவாயில்லை, அவள் அதை வைத்துக்கொள்வாள்.

மாப்பிள்ளைக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா, பனங்கற்கண்டும் மிளகும் பார்சலில் வைத்திருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு, என்மேல் கோபத்தில் பட்டினி கிடக்காதே, கோபத்துக்குத் தெம்பு வேண்டும். பெருமாள் புண்ணியத்தில் உங்கள் மூன்று பேருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் குறையாமல் இருக்கட்டும், மலர் நன்றாகப் படிக்கட்டும். கனகாவின் ஓட்டம் முடிந்ததும் இங்கே ஸ்டுடியோவில் அவளை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறேன், சுவரில் இருக்கிற பல் விழுந்த பெண்ணைக் கழற்றிவிட்டு அதை மாட்டு. நீயும் மலரைப் புதுசாய் ஒரு போட்டோ எடுத்து தபாலில் அனுப்பு. நாற்காலியில் உட்கார வைத்து எடுக்காதே, முழு ஆளாய் நிற்க வேண்டும். கையில் பூங்கொத்து, புத்தகம் எதுவும் கொடுக்காதே. நிமிர்ந்து நில் என்று மட்டும் சொல்லிவிடாதே, அவள் எப்படி நிற்பாளோ அப்படியே எடு. மலரின் தோளைக் கனகா பார்க்க வேண்டுமாம். பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமாம்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் பாதி மிச்சமிருக்கும் உன் அம்மா,
செங்கம்மாள்